தொடுகோடு தெரியும், ‘டேன்’ தெரியாது!



ஒரு மொழி வளர்கின்றதா, தேய்கின்றதா என்பதைப் பாவரங்கில் எழும் கையொலியை வைத்து அளந்துவிட முடியாது. அம்மொழிக்குரிய பிள்ளை தேர்வுக்கூடத்தில் தனியே அமர்ந்து, தன் முன் கிடக்கும் கடிய வினா ஒன்றை எம்மொழியில் எண்ணிப் பார்க்கின்றது என்பதை வைத்தே அளக்க வேண்டும். அங்கே மேடையில்லை, மாலையில்லை, ஊக்குவார் ஒருவருமில்லை. பிள்ளையும் வினாவும் சொல்லும் மட்டுமே உள. அச்சொல் கைகொடுத்தால் மொழி வாழ்கின்றது; கைவிட்டால், வெளியில் நாம் எத்துணை முழக்கம் எழுப்பினும் மொழி தோற்கின்றது.

இதனை எழுதத் தூண்டியது, திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய என் வீட்டுத் திண்ணையில் மாசித் திங்கள் மாலையொன்றில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. யான் பல்லாண்டு கணக்காசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணாக்கி ஒருத்தி, திருத்திக் கொடுக்கப்பெற்ற தன் கணக்கு விடைத்தாளோடு வந்தாள். “ஐயா, எல்லாப் படியும் போட்டிருக்கிறேன், பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எங்கே தவறினேன் என்றே தெரியவில்லை” என்றாள்.

பிள்ளை தடுக்கிய இடம்

வினா இதுதான்: 1-இலிருந்து ‘அ’ என்னும் எண்ணின் இருபடியைக் கழித்து, எஞ்சியதன் இருபடி வேரை எடுத்து, அதனை 0 முதல் 1 வரை தொகையிடுக. குறியால் எழுதின் √(1 − அ²). நுண்கணிதத்தில் முக்கோணவியல் மாற்றீடு என்று சொல்லத்தக்க முறைக்கு இதுவே முதற்பாடம்.

பிள்ளை செய்தது என்ன? ‘அ’ என்பதற்கு ஈடாகச் ‘சைன் தீட்டா’ என்று வைத்தாள், சரி. வேருக்குள் இருந்தது ‘கொசைன் தீட்டா’ ஆயிற்று, அதுவும் சரி. ‘அ’-வின் நுண்கூற்றையும் மாற்றினாள். அதனால் இன்னொரு ‘கொசைன்’ வந்து பெருகி, கொசைனின் இருபடியைத் தொகையிட வேண்டியதாயிற்று. அதையும் பிழையின்றித் தொகையிட்டாள். ஆனால் எல்லைகளை மட்டும் பழையபடி 0, 1 என்றே விட்டுவிட்டாள். ‘அ’ 0-இலிருந்து 1-க்குச் செல்லும்போது, தீட்டா என்னும் கோணமோ 0-இலிருந்து செங்கோணம் வரை செல்கின்றது. அதனை அவள் எண்ணவில்லை. வர வேண்டிய விடை பையில் நாலில் ஒன்று. அஃதாவது ஏறத்தாழ 0.785. அவளுக்கு வந்ததோ ஏறத்தாழ 0.727.

யான் அவள் பிழையைச் சுட்டவில்லை. “அம்மா, இந்தத் தொகை எதன் பரப்பு?” என்று மட்டும் கேட்டேன். விழித்தாள். தாளில் ஆரம் 1 உடைய வட்டம் ஒன்று வரைந்து, அதில் ஒரு காற்பகுதியை நிழலிட்டேன். சிறிது நேரம் உற்று நோக்கினாள். “இது கால்வட்டம் அல்லவா ஐயா! முழுவட்டத்தின் பரப்பு பை. அதில் நாலில் ஒன்று. கணக்கே போடாமல் விடை தெரிகின்றதே!” என்றாள். “ஆம், அப்படியானால் உன் விடை தவறென்று உனக்கே தெரிந்திருக்கும் அல்லவா?” என்றேன். தலையசைத்தாள்.

அடுத்து, “சைன் என்று ஏன் வைத்தாய்?” என்று கேட்டேன். “இந்த வடிவம் வந்தால் சைன் போடு, அந்த வடிவம் வந்தால் டேன் போடு, மற்றொன்று வந்தால் சீக்கன்ட் போடு என்று எழுதிக் கொடுத்தார்கள், நெட்டுருப் போட்டேன்” என்றாள்.

அன்பர்களே, இப்பிள்ளை மடமையுடையவள் அல்லள். படி படியாகக் கணக்கைத் தவறின்றி நடத்தும் கை அவளுக்கு இருக்கின்றது. அவளுக்குக் கொடுக்கப்படாதது கண். அக்கண்ணை மறைத்தது எது?

சொல் மறைத்த படம்

அவளிடம் இன்னும் நான்கு வினாக்கள் தொடுத்தேன். “தொடுகோடு என்றால் என்ன?” “வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடு.” “வெட்டுக்கோடு?” “இரண்டு புள்ளிகளில் வெட்டிச் செல்லும் கோடு.” “நாண்?” “வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளைச் சேர்ப்பது.” மூன்றுக்கும் தயங்காமல் விடை வந்தது. “டேன் என்றால்?” “எதிர்ப்பக்கத்தின் கீழ் அடுத்துள்ள பக்கம்” என்று வாய்பாட்டை ஒப்புவித்தாள். “டேன் என்பதும் தொடுகோடு என்பதும் ஒரே சொல் என்பது உனக்குத் தெரியுமா?” என்றேன். வியந்து நின்றாள்.

ஆம். ‘டேன்சென்டு’ என்பது ‘தொடுதல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். ‘சீக்கன்ட்’ என்பது ‘வெட்டுதல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். வடிவியற் பாடத்தில் இவ்விரண்டையும் தொடுகோடு, வெட்டுக்கோடு என்று அழகாகத் தமிழாக்கித் தந்தோம். முக்கோணவியற் பாடத்திலோ அவற்றையே டேன், சீக்கன்ட் என்று ஒலிபெயர்த்து வைத்தோம். ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் தமிழும் மற்றோரிடத்தில் அயலொலியும் வழங்கியதனால், இரண்டிற்கும் இடையே இருந்த பாலத்தை நாமே தகர்த்தோம். தொடுகோடு தெரிந்த பிள்ளைக்கு டேன் தெரியாமற் போனது இதனால்தான்.

அயலொலி செய்த கேடு இது. வடசொல் செய்த கேடு இதனினும் பழையது. செங்கோண முக்கோணத்தின் நெடிய பக்கத்துக்கு நம் பாடநூல் தரும் பெயர் ‘கர்ணம்’. வடமொழியில் அதற்குக் காது என்பது முதற்பொருள். தமிழ்ச் சிற்றூரிலோ ‘கர்ணம்’ என்றால் முன்னாளில் ஊர்க்கணக்கர். காதும் கணக்கரும் முக்கோணத்தில் எங்கிருந்து வந்தனர் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஈழத் தமிழர் பாடநூல்களில் இதற்கு வழங்கும் சொல் ‘செம்பக்கம்’. செங்கோணம் என்று சொல்லிய வாய்க்குச் செம்பக்கம் என்பது தானே வருகின்றது. கேட்ட அளவில் எந்த முக்கோணத்தைப் பற்றிய பேச்சு என்பதும் புலனாகின்றது. கடல் கடந்து இருக்கும் நம் உடன்பிறந்தார் கையாளும் நல்ல சொல்லை எடுத்துக்கொள்ள நமக்கு எது தடை?

இவ்வூர்க்காரர்க்கு இஃது ஒன்றும் புதிதன்று. அப்பரும் சம்பந்தரும் பாடியது அண்ணாமலை. ‘அண்ணுதல்’ என்றால் நெருங்குதல். நெருங்குதற்கரிய மலை அண்ணாமலை. அதன்மேல் ‘அருணாசலம்’ என்னும் பெயரை ஏற்றினர். ‘உண்ணாமுலை’ என்னும் தாயின் பெயர் மேல் ‘அபீதகுசாம்பாள்’ என்பதை ஏற்றினர். மலை மாறவில்லை, தாய் மாறவில்லை, பொருள் மட்டும் மக்களிடமிருந்து விலகிற்று. மலைக்கு நேர்ந்ததே முக்கோணத்துக்கும் நேர்ந்தது.

‘பிரதியிடல்’ என்னும் சொல்லையும் பாருங்கள். அதற்கு மாற்றாகச் சிலர் ‘பதிலீடு’ என்கின்றனர். ‘பதில்’ அரபு மொழியிலிருந்து வந்தது என்பதை அவர் அறியார். ‘மாற்றீடு’ என்று நேரே சொன்னால் என்ன? அச்சொல் பிள்ளையைப் பார்த்து வினவும்: “எதையெல்லாம் மாற்றினாய்?” மாற்ற வேண்டியவை மூன்று: மாறி, அதன் நுண்கூறு, எல்லைகள். மூன்றையும் மாற்றினாயா என்று சொல்லே கேட்கும்போது, மூன்றாவதை மறப்பது அத்துணை எளிதன்று. ‘பிரதியிடல்’ அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் எண்ணவில்லை.

மூன்று விதியன்று, ஒரே முக்கோணம்

இனி, அந்த மாலையில் அவளுக்கு யான் காட்டியதை உங்களுக்கும் காட்டுகின்றேன். கணக்கென்றால் ஒதுங்கும் அன்பரும் இதனைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றேன். கோலம் போடத் தெரிந்த எவர்க்கும் இது விளங்கும்.

ஆரம் 1 உடைய வட்டம் ஒன்று வரைக. நடுவிலிருந்து வலப்புறம் கிடையாக ஓர் ஆரமும், சற்று மேல்நோக்கிச் சாய்வாக மற்றோர் ஆரமும் இழுக்க. சாய்ந்த ஆரத்தின் நுனியிலிருந்து கிடை ஆரத்தின்மேல் செங்குத்தாக ஒரு கோடு இறக்குக. அக்கோடு ஒரு நாணின் பாதி. அதுவே சைன். இங்கே கிடைக்கும் செங்கோண முக்கோணத்தில் செம்பக்கம் 1; ஒரு பக்கம் அரைப்பகுதி நாண்; அதனை ‘அ’ என்றால், எஞ்சிய பக்கம் √(1 − அ²). ஆகவே, வினாவில் √(1 − அ²) வந்தால், ‘அ’ பாதிநாணாக இருக்கும் முக்கோணத்தை வினாவே நமக்குச் சொல்லிவிடுகின்றது.

அடுத்து, கிடை ஆரத்தின் நுனியில் வட்டத்துக்கு ஒரு தொடுகோடு நிறுத்துக. சாய்ந்த ஆரத்தை நீட்டி, அது தொடுகோட்டைச் சந்திக்குமாறு செய்க. தொடுகோட்டில் அறுபட்ட நீளமே டேன். நடுவிலிருந்து வட்டத்தை வெட்டிக்கொண்டு தொடுகோடு வரை சென்ற கோட்டின் நீளமே சீக்கன்ட். இம்முக்கோணத்தில் 1 என்பது ஒரு பக்கம், தொடுகோடு மறுபக்கம், வெட்டுக்கோடு செம்பக்கம். தொடுகோட்டை ‘அ’ என்றால் வெட்டுக்கோடு √(1 + அ²). வெட்டுக்கோட்டை ‘அ’ என்றால் தொடுகோடு √(அ² − 1). சீக்கனின் இருபடி, டேனின் இருபடியோடு 1 கூட்டியதற்கு ஒப்பு என்று பிள்ளைகள் நெட்டுருப் போடும் வாய்பாடு, இப்படத்தில் கண்ணெதிரே நிற்கின்றது.

ஆக, மூன்று விதிகள் இல்லை. கேட்க வேண்டிய வினா ஒன்றே: “வேர்க்குறிக்குள் இருப்பது முக்கோணத்தின் எந்தப் பக்கம்?” 1 செம்பக்கமாயின் ‘அ’ பாதிநாண், வேரே செம்பக்கமாயின் ‘அ’ தொடுகோடு, ‘அ’வே செம்பக்கமாயின் ‘அ’ வெட்டுக்கோடு. இதற்குமேல் நெட்டுருவுக்கு வேலை என்ன?

எல்லையில்லாத் தொகையீட்டிலும் இப்படமே துணை. அங்கே பிள்ளைகள் இன்னொரு பிழை செய்வர்: விடையைக் கோணத்திலேயே விட்டுவிட்டு, பழைய மாறிக்குத் திரும்ப மறப்பர். எடுத்துக்காட்டாக, 1-ஐ √(1 + அ²) என்பதன் முப்படியால் வகுத்து, அதனைத் தொகையிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ தொடுகோடு. மாற்றீடு செய்தால் கொசைனைத் தொகையிடுவதாகச் சுருங்கிவிடும், விடை சைன். இப்போது திரும்பி வர வேண்டும். வாய்பாட்டைத் தேடி அலைய வேண்டுவதில்லை. முக்கோணத்தைப் பார்த்தால் போதும்: எதிர்ப்பக்கம் ‘அ’, செம்பக்கம் √(1 + அ²), எனவே விடை ‘அ’-வை √(1 + அ²)-ஆல் வகுத்தது. போன வழியே திரும்பி வந்தோம்.

கோணம், பக்கம் என்னும் இவற்றை வெறுந்தாளில்தான் காண வேண்டுமென்பதில்லை. நம்மூர்க் கிழக்குக் கோபுரத்தின் உயரம் 217 அடி. கதிரவன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது அதன் நுனியின் நிழல், கோபுரத்தின் நடு அடியிலிருந்து 217 அடி தொலைவில் விழும். டேனின் அளவு 1. கதிரவன் ஏற ஏற நிழல் குறுகும், டேன் பெருகும். நாடோறும் இந்தக் கணக்கின் நிழலில் நடக்கும் பிள்ளைக்கு இதனைக் காட்டாமல் ‘டேன் போடு’ என்று மட்டும் கட்டளையிட்டால், அது கற்பித்தல் ஆகுமா?

‘சைன்’ வந்த வழி

“சைன், டேன் என்பவை உலகப் பொதுச் சொற்கள், அவற்றில் கை வைக்கலாமா?” என்பார் உளர். அவர்க்குச் சைன் என்னும் சொல்லின் வரலாற்றைச் சொல்லுவோம். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் தம் நூலில் பாதிநாணின் அளவுகளைத் தந்தார். அதற்கு வடமொழியில் வழங்கிய சொல் வில்லின் நாணைக் குறிப்பது. ‘சீவா’ என்பது அதன் ஒரு வடிவம். அரபியர் அதனை ஒலியளவில் ‘சீபா’ என்று எடுத்துக்கொண்டனர். அவர் எழுத்தில் குற்றுயிர் எழுதப்படாமையால், பின் வந்தார் அதனை ‘சைப்’ என்று படித்தனர். அதற்கு மடிப்பு, மார்பகம் என்று பொருள். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்தோர், அப்பொருளையே கொண்டு ‘சைனசு’ என்று வைத்தனர். நாண் மடிப்பாயிற்று! உலகப் பொதுச்சொல் என்று நாம் தொட அஞ்சுவது ஒரு மொழிபெயர்ப்புப் பிழை.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. ஒன்று: ஐரோப்பியர் பிறர் சொல்லை அப்படியே விழுங்கவில்லை, தவறாகவேனும் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். சீனரும் சப்பானியரும் நாணைக் குறிக்கும் எழுத்தைக் கொண்டே இன்றும் சைனைக் குறிக்கின்றனர். அவர்கள் கணக்கில் பின்தங்கிவிட்டனரா? மற்றொன்று: ஆங்கிலவழியில் பயிலும் பிள்ளைக்கும் ‘சைன்’ பொருளற்ற ஒலியே. அவன் விளங்கிக்கொண்டு படிக்கின்றான், தமிழ்வழிப் பிள்ளைதான் நெட்டுருப் போடுகின்றாள் என்பது பொய். இருவரும் நெட்டுருதான் போடுகின்றனர். அவனுக்கு அதனை விளக்க இலத்தீனுக்குப் போக வேண்டும். இவளுக்கு விளக்க அவள் தாய்மொழியே போதும். அந்த வாய்ப்பை நாம் வீணாக்குகின்றோம் என்பதே என் ஆற்றாமை.

ஆகவே நாண்தகவு, துணைநாண்தகவு, தொடுதகவு, வெட்டுதகவு என்று வழங்கலாம் என்பது என் கருத்து. ‘அரைநாண்’ என்னலாமே எனின், அது இடுப்பில் கட்டும் கயிறாகிவிடும்! இவற்றினும் நல்லன காட்டுவார் உளராயின் மகிழ்ந்து ஏற்பேன். சொல் எதுவாயினும், படம் தெரிய வேண்டும்; அதுவே அளவுகோல். குறிகளை மாற்ற வேண்டும் என்று யான் சொல்லவில்லை. தொகைக்குறியும் வேர்க்குறியும் தீட்டாவும் உலகோர் கணக்கெழுதப் பொதுவாகக் கொண்டவை. அவை அப்படியே இருக்கட்டும். குறி உலகுக்குப் பொது. விளக்கும் சொல் நமக்கு உரியது.

“புதுச்சொல் பிள்ளைகளைக் குழப்பும்” என்பது மற்றொரு மறுப்பு. நிகழ்தகவு, கலப்பெண், அணிக்கோவை, பகா எண், சார்பு ஆகிய சொற்கள் ஒரு காலத்தில் புதியனவே. இன்று எந்தப் பிள்ளை அவற்றைக் கண்டு மருளுகின்றது? ‘நிகழ்தகவு’ என்று சொன்ன மாத்திரத்தில், நிகழ்வதற்கு எவ்வளவு தகவு என்னும் பொருள் நெஞ்சில் விழுகின்றது. குழப்புவது புதுமையன்று; பொருளின்மை.

சேரநாட்டுச் சான்று

நுண்கணிதம் தாய்மொழிக்கு அடங்காது என்பார்க்கு வரலாறு தரும் விடை ஒன்று உண்டு. பழஞ் சேரநாடாகிய கேரளத்தில் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சங்கமக்கிராமத்து மாதவர். 1-இலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இப்படியே முடிவின்றிச் சென்றால் பையில் நாலில் ஒன்று கிடைக்கும் என்னும் தொடர் அவருடையது என்று அவர் வழிவந்தோர் கூறுவர். ஐரோப்பாவில் கிரிகோரியும் இலைப்னிட்சும் இதனை எட்டியது 1670-களில்.

அத்தொடரை மெய்ப்பித்துக் காட்டும் நூல், 1530-ஐ ஒட்டிச் சேட்டதேவர் எழுதிய ‘யுக்திபாசை’. அவர் செய்தது இது: வட்டத்தைச் சுற்றிச் சதுரம் ஒன்று வரைந்து, அதன் பக்கம் வட்டத்தைத் தொடும் புள்ளியிலிருந்து மூலைவரை உள்ள பகுதியை எண்ணற்ற சிறு கூறுகளாக்கினார். நடுவிலிருந்து ஒவ்வொரு கூற்றுக்கும் கோடிழுத்து, அக்கோடுகளுக்கிடையே வட்டத்தில் அகப்படும் சிறுவில்லின் நீளங்களைக் கண்டு, அனைத்தையும் கூட்டினார். வட்டச் சுற்றளவில் எட்டில் ஒன்று கிடைத்தது. சதுரத்தின் அந்தப் பக்கம் எது? தொடுகோடு! நடுவிலிருந்து இழுத்தவை எவை? வெட்டுக்கோடுகள்! 1-ஐ (1 + அ²)-ஆல் வகுத்து, 0 முதல் 1 வரை தொகையிட்டு, ‘அ’-வைத் தொடுகோடாக மாற்றீடு செய்து இன்று நம் பிள்ளைகள் தேர்வில் காணும் விடையும் அதே பையில் நாலில் ஒன்றுதான்.

அறிஞர் நூலென்றால் வடமொழியில்தான் எழுத வேண்டும் என்றிருந்த காலம் அது. அவர்க்கு முன்னோரான நீலகண்டர் தம் ‘தந்திரசங்கிரகத்தை’ 1500-ஐ ஒட்டி வடமொழிப் பாட்டில்தான் எழுதினார். சேட்டதேவரோ மெய்ப்பிக்கும் வேலை வந்தபோது, நம் உடன்பிறப்பு மொழியாகிய மலையாளத்தில், உரைநடையில் எழுதினார். அவர் கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் எண்ணத்தின் ஓட்டம் தாய்மொழியில் ஓடிற்று. விடையைச் சொல்ல வேற்றுமொழி போதும். ஏன் என்று விளக்கத் தாய்மொழி வேண்டும். 500 ஆண்டுகட்கு முன் அவர் உணர்ந்ததை நாம் உணர வேண்டாவா?

தமிழிலும் முயற்சி இல்லாமலில்லை. வட்டுக்கோட்டையில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855-இலேயே ‘வீசகணிதம்’ என்று இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டார். மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கர் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். பின்னாளில், 1938-இல், பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்திய இராசகோபாலாச்சாரியாரும் 1916-இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொல்லாக்கத்துக்குக் கழகம் அமைத்தவர்தாம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலில் இரு பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கிற்று. தொடக்கங்களுக்கு நமக்குக் குறைவில்லை, தொடர்ச்சிக்கே குறை.

தேர்வு நடத்துவார்க்கு

பொறியியற் கல்விக்கான அனைத்திந்தியக் கூட்டு நுழைவுத் தேர்வின் முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடத்தப்பெறுகின்றது. நன்று. ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கிலப் படியே முடிவானது என்பது விதி. அஃதாவது, தமிழில் எழுதும் பிள்ளை தமிழை நம்பக்கூடாது என்று தேர்வு நடத்துவோரே சொல்லுகின்றனர். வினாவை ஆக்கும்போதே தமிழறிந்த கணக்கறிஞர் உடனிருந்தால் ஐயம் ஏன் எழுகின்றது? அடுத்த படியாகிய மேனிலைத் தேர்வோ, 2024-இலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது. இந்தி பேசும் பிள்ளை தன் தாய்மொழியிலேயே இறுதிவரை தேர்வெழுதலாம். தமிழ்ப் பிள்ளை பாதி வழியில் தாய்மொழியை இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்கு ‘ஒருமைப்பாடு’ என்று பெயர்! இவ்விரு முறைகேடுகளும் ஒழியும்வரை நாம் ஓயக்கூடாது.

நம்மவர்க்கு

எனினும் வில்லை வெளியே மட்டும் வளைப்பது நேர்மையன்று. நம்மை நோக்கியும் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

நம் மேடைகளில் ஒரு கணக்குப் பாட்டைச் சொல்லிப் பெருமைப்படுகின்றோம்: செங்கோண முக்கோணத்தில் நெடும்பக்கத்திலிருந்து அதன் எட்டில் ஒன்றைக் கழித்து, குறும்பக்கத்தின் பாதியைக் கூட்டினால் செம்பக்கம் கிடைக்கும் என்பது அதன் பொருள். பித்தாகரசுக்கு முன்பே நாம் கண்டோம் என்று கைதட்டு வாங்குகின்றோம். 3, 4 என்றால் 5 வருகின்றது, 5, 12 என்றால் 13 வருகின்றது, சரியே. இரு பக்கமும் 10 அடி என்றால்? விதி தருவது 13.75, உண்மை ஏறத்தாழ 14.14. தச்சர் விரைந்து கணிக்கப் பயன்படும் நல்ல தோராய விதி அது, அவ்வளவே. அதனை அவ்வாறே சொல்லுவது இழுக்கன்று. மிகைப்படுத்திச் சொல்லி, கணக்கறிந்தார் முன் தமிழை நகைப்புக்கு இடமாக்குவதே இழுக்கு.

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்றார் வள்ளுவர். நாம் எழுத்து என்னும் கண்ணுக்கு மட்டும் மை தீட்டிக்கொண்டிருக்கின்றோம். பா எழுதுவார் நம்மில் நூற்றுவர். நுண்கணிதத்தைத் தமிழில் நாற்பது பக்கம் எழுதுவார் எத்தனை பேர்? பெயர்ப்பலகையில் வடவெழுத்தைக் கண்டால் சினக்கின்றோம். பிள்ளையின் கணக்கு நூலில் கர்ணமும் பிரதியிடலும் சூத்திரமும் வர்க்கமூலமும் வரிசையாக நிற்பதைப் பிரித்தாவது பார்த்திருக்கின்றோமா? அந்த மாணாக்கி பட்ட இடரில் பாதி நம் மடிமையால் வந்தது.

ஆதலின் யான் வேண்டுவது பெரிதன்று. கணக்கறிந்த ஒவ்வோர் அன்பரும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்க. எட்டுப் பக்கத்தில், படத்தோடு, பிள்ளைக்கு விளங்கும் தூய தமிழில் எழுதுக. பாடநூற் சொல்லையும் நம் சொல்லையும் அருகருகே தருக. பிள்ளை தேர்வில் எச்சொல்லை எழுதினும் மதிப்பெண் இழக்கக்கூடாது. எழுதியதைத் தமிழ்வழிப் பிள்ளை ஒருவரிடம் முதலில் கொடுத்துப் படிக்கச் செய்க. அவர் தடுக்கும் இடத்தில் சொல்லை மாற்றுக. கணக்கறியாத அன்பர், அதனை அச்சிட்டுத் தம்மூர்ப் பள்ளிவாயிலில் வழங்கும் செலவை ஏற்க. மாற்றீட்டுத் தொகையீடு என்னும் பாடத்தை யான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பிள்ளை பங்குனியில் தேர்வெழுதிவிட்டு வந்தாள். எத்தனை மதிப்பெண் வரும் என்று யான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “ஐயா, தொகையீட்டு வினா வந்தது. முதலில் ஓரத்தில் முக்கோணம் வரைந்தேன். வேர் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அப்புறம்தான் எழுதத் தொடங்கினேன். எல்லையையும் மாற்றினேன்.”

அண்ணுதற்கரியது என்று பெயர் பெற்ற மலையின் உச்சிக்குக் கார்த்திகைதோறும் கொப்பரையைத் தூக்கிச் செல்லும் ஊர் இது. நுண்கணிதம் தமிழுக்கு அண்ணாமலை அன்று. ஏறுவார் ஏறினால் எட்டும்.